பொம்மை விரிசல்: பழி உப்புக்கு, குற்றம் வெயிலுக்கு!

மரக்காணம் உப்பளத்து வரப்பில் ஒரு குதிரை கிடந்தது.

உயிருள்ள குதிரை அல்ல. விரல் நீளமே உள்ள பிளாஸ்டிக் குதிரை. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது வெளுத்து ரோஜா நிறமாகி விட்டது. பின்னங்கால் ஒன்றில் விரிசல். அந்தக் கால் மயிரிழையில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"அதை மிதிச்சுடாதீங்க சார்!" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். தலையில் உப்புக் கூடையுடன் ஒரு பெண் வந்துகொண்டு இருந்தார். அவர் பின்னால் ஆறு வயதுச் சிறுமி ஓடி வந்தாள். குதிரையை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்தாள்.

"மயிலம் பங்குனி உத்திரத் திருவிழாவிலே வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருஷம்கூடத் தாங்கலை. இங்கே எதுவும் தாங்காது சார். உப்புக் காத்து இரும்பையே தின்னுடுது. பொம்மை எம்மாத்திரம்?" என்றார் அந்தத் தாய்.

வேலை முடிந்ததும் அவருடைய வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சிறுமி தன் சொத்தை எல்லாம் பரப்பிக் காட்டினாள். கால் விரிந்த குதிரை. கல்லாக இறுகிப்போன வாத்து. தோள் பிளந்த சிப்பாய். வயிறு கிழிந்த பசு.

நான்கு பொம்மைகள். நான்கிலும் விரிசல். "எல்லாம் உப்பு செய்த வேலை" என்பதே அந்த வீட்டின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சரியா?

உப்பு மண்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். சாலையை ஒட்டியே உப்புப் பாத்திகள். நீர், வரப்பு, வெள்ளைக் குவியல். மறுபடியும் நீர், வரப்பு, வெள்ளைக் குவியல். பக்கத்திலேயே கழுவேலி என்ற பெரிய நீர்ப்பரப்பு. அதை 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது.

தை பிறந்த பிறகு பாத்தி கட்டுவார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு நன்றாக விளையும். ஐப்பசியில் மழை இறங்கினால் வேலை நின்று போகும். அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. பொம்மை உடைந்தால் இன்னொன்று வாங்குவது எளிது அல்ல.

இன்னொரு கவலையும் உண்டு. அந்த வீட்டில் ஒரு வயதுத் தம்பிப் பாப்பா தவழ்கிறான். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுகிறான். குதிரையின் கால் உடைந்து விழுந்தால் என்ன ஆகும்?

ஆகவே, பொம்மையில் விரிசல் என்பது சின்ன விஷயம் அல்ல.

உப்பு குற்றவாளியா?

உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்ப் பாருங்கள். உப்பு எதில் இருக்கிறது? பலர் வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். எத்தனை ஆண்டுகளாக அந்த டப்பா இருக்கிறது? இரவும் பகலும் உப்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. உப்பு அதைத் தின்றுவிட்டதா? இல்லை.

உப்பளத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. உப்புக் குவியலின் மேல் கீற்றுப் போட்டு மூடுவார்கள். இப்போது பிளாஸ்டிக் தார்ப்பாயும் போடுகிறார்கள். அந்தத் தார்ப்பாய் எங்கே முதலில் நைந்து போகிறது? உப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கும் அடிமடிப்பிலா? வெயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் மேற்புறத்திலா? மேற்புறத்தில்தான்!

காரணம் எளிது. உப்பு இரும்பை அரிக்கும். பிளாஸ்டிக்கை அரிக்காது. உப்புத் தண்ணீரில் பிளாஸ்டிக் பொம்மையைப் போட்டு வைத்தாலும் உப்பு அதைக் கரைக்காது.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உடைந்த பொம்மையின் இரண்டு கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உப்புத் தண்ணீரில் போட்டு வீட்டுக்குள் இருட்டில் வையுங்கள். மற்றொன்றைக் கூரைமேல் வெயிலில் வையுங்கள். ஒரு கோடை முடியட்டும். இரண்டையும் வளைத்துப் பாருங்கள். எது முதலில் முறிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உப்பே பொம்மை ஆகிறது!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நாம் யார்மீது பழி போடுகிறோமோ, அந்த உப்பிலிருந்துதான் ஒரு வகைப் பொம்மையே பிறக்கிறது.

அழுத்தினால் "கீச்" என்று கத்தும் வாத்து இருக்கிறதே, அது பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் செய்தது. உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் என்ற வாயு பிரியும். அந்தக் குளோரினையும், பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுக்கும் ஒரு வாயுவையும் சேர்த்துப் பி.வி.சி. செய்கிறார்கள். சுத்தமான பி.வி.சி.யின் எடையில் 57 விழுக்காடு குளோரின்தான். நூறு கிராமில் 57 கிராம் உப்பிலிருந்து வந்தது என்று அர்த்தம்! நம் தமிழ்நாட்டில், மேட்டூரில், 1960-களின் பிற்பகுதியிலிருந்தே பி.வி.சி. செய்து வருகிறார்கள்.

உப்பிலிருந்து பிறந்த வாத்தை உப்பு கொல்லவில்லை. பின் யார் கொன்றது?

முதல் குற்றவாளி: வெயில்

பிளாஸ்டிக் என்பது நீண்ட நீண்ட இழைகளின் பின்னல். அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. இழை நீளமாக இருக்கும்வரை பொம்மை வளைந்து கொடுக்கும். கீழே விழுந்தாலும் தாங்கும்.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கதிர் உண்டு. அதற்குப் புற ஊதாக் கதிர் என்று பெயர். நம் தோலைக் கருக்குவது அதுதான். அந்தக் கதிர் பிளாஸ்டிக் இழைகளைக் கத்தரிபோல் நறுக்குகிறது. சூடும் காற்றும் அதற்குத் துணை போகின்றன. நாளுக்கு நாள் இழைகள் குட்டையாகின்றன. முதலில் நிறம் வெளுக்கும். பிறகு மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் வரும். கடைசியில் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டும்.

உப்பளத்தில் இந்தத் தொல்லை அதிகம். மேலேயிருந்து வெயில் அடிக்கிறது. வெள்ளை வெளேர் என்ற உப்பு அந்த வெயிலைத் திருப்பி அடிக்கிறது. உப்பு வாருகிறவர்களின் கண் கூசுவது அதனால்தான். வரப்பில் கிடக்கும் பொம்மைக்கு முதுகிலும் அடி, வயிற்றிலும் அடி!

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஏன் பெரும்பாலும் கறுப்பாக இருக்கிறது என்று யோசித்தது உண்டா? பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலந்து இருக்கிறார்கள். அந்தக் கரி, புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு இழைகளைக் காக்கிறது. சிவப்புக் குதிரைக்கு அந்தக் காவல் இல்லை.

விரிசல் ஏன் கணுக்காலிலும் கழுத்திலும் வருகிறது? அங்கேதான் பொம்மை மெல்லியது. அங்கேதான் கூரான மடிப்பு இருக்கிறது. துணியில் கத்தரி வைத்த இடத்திலிருந்து கிழிவதுபோல, விரிசல் அந்த மூலையில் தொடங்குகிறது.

இரண்டாம் குற்றவாளி: எண்ணெய்

"குதிரை மங்கிப் போச்சேன்னு தேங்காய் எண்ணெய் தடவினேன் சார்" என்றார் அந்தத் தாய். அன்போடு செய்ததுதான். ஆனால் அது குதிரைக்கு ஆகவில்லை.

திருவிழாக் கடைகளில் விற்கும் பளபளப்பான கெட்டிப் பொம்மைகள் பல, பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. எண்ணெயும் கொழுப்பும் அதன் நுண்ணிய கீறல்களுக்குள் புகுந்து, விரிசலை வளர்த்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்டில் கலக்கும் தின்னர் ஆகியவை இன்னும் கொடியவை.

துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் பகைதான். அதன் ஆவி பட்டாலே பாலிஸ்டைரீன் இளகிவிடும். பொம்மையையும் பாச்சை உருண்டையையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வாத்தின் கதை வேறு. பி.வி.சி. இயல்பாகக் கெட்டியானது. குடிதண்ணீர்க் குழாயைப் பாருங்கள், தெரியும். அதை மெத்தென்று ஆக்க, எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். சூட்டிலும் வெயிலிலும் அந்தப் பொருள் மெல்ல மெல்ல வெளியே கசியும். அப்போது வாத்து பிசுபிசுக்கும். எல்லாம் போன பிறகு கல்லாக இறுகும். அழுத்தினால் வெடிக்கும். அப்படிக் கசிவது பக்கத்துப் பொம்மையையும் கெடுக்கும். வாத்தும் குதிரையும் ஒட்டிக் கிடந்தால், குதிரையின் மேல் உருகியதுபோல் பள்ளம் விழும். ஆகவே மெத்தென்ற பொம்மையும் கெட்டிப் பொம்மையும் தனித்தனியே இருக்கட்டும்.

உப்பு செய்த ஒரே குற்றம்

உப்பு முழு நிரபராதியா? அதுவும் இல்லை. சிப்பாயைப் பாருங்கள்.

சிப்பாயின் இரண்டு கைகளையும் ஓர் இரும்புக் கம்பி இணைக்கிறது. கம்பி தோள் வழியாகப் போகிறது. உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்தது. இரும்பு துருவானால் பருத்துவிடும். இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடம் துருவுக்கு வேண்டும். துளைக்குள் அந்த இடம் ஏது? துரு நெருக்கியது. தோள் பிளந்தது.

கடற்கரை வீடுகளில் தூணும் கூரையும் வெடிப்பது உண்டு. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருப்பதுதான் காரணம். அதே கதைதான் சிப்பாயின் தோளிலும் நடந்தது.

ஆக, நான்கு பொம்மைகளில் உப்பு கெடுத்தது ஒன்றைத்தான். அதையும் இரும்பின் வழியாகத்தான் கெடுத்தது.

எது என்ன பிளாஸ்டிக்?

நோய் தெரிந்தால்தான் மருந்து. பொம்மையை ஒட்டுமுன் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தரையில் தட்டிப் பாருங்கள். "டிங்" என்று கண்ணாடிபோல் ஒலித்தால், பெரும்பாலும் பாலிஸ்டைரீன்.

நகத்தால் கீறுங்கள். மெழுகுபோல் வழவழப்பாக இருந்து, நகத்தின் தடம் விழுந்தால் பாலித்தீன். குடமும் வாளியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ரப்பர்போல் அழுந்தினால் பெரும்பாலும் மெத்தென்ற பி.வி.சி.

இன்னும் ஐயமா? உடைந்த கெட்டித் துண்டு ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் போடுங்கள். பாலித்தீன் மிதக்கும். பாலிஸ்டைரீனும் பி.வி.சி.யும் மூழ்கும். உள்ளே காற்று அடைத்த முழுப் பொம்மையை வைத்துச் சோதிக்காதீர்கள். காற்றே அதை மிதக்க வைத்துவிடும்.

மரக்காணத்துப் பிள்ளைகள் இந்தச் சோதனையை உப்புப் பாத்தியில் செய்யக் கூடாது. செய்தால் ஏமாந்து போவார்கள்! உப்பு விளையும் நேரத்தில் பாத்தி நீர், நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடியது. அதில் பாலிஸ்டைரீனும் மிதந்துவிடும்.

எரித்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டவே வேண்டாம். அந்தப் புகை நஞ்சு.

நல்ல பிளாஸ்டிக் எது என்று பெரிய கம்பெனிகளே அனுபவப்பட்டுத்தான் கற்றன. டென்மார்க் நாட்டு லெகோ கட்டைகள் முதலில் வேறு ஒரு பிளாஸ்டிக்கில் வந்தன. அவை வளைந்தன, நிறம் மாறின. 1963-இல் ஏ.பி.எஸ். என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

குதிரைக்கு வைத்தியம்

முதலில் சவர்க்காரத் தண்ணீரில் பொம்மையைக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை போக வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் காய வையுங்கள்.

விரிசல் மட்டும் இருக்கிறது, உடையவில்லை என்றால், அது மேலே ஓடாமல் தடுக்க வழி உண்டு. விரிசலின் நுனியைக் கண்டுபிடியுங்கள். அந்த நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு துளை போடுங்கள். மெல்லிய டிரில் பிட்டை விரல்களால் உருட்டினாலே போதும். கூரான நுனி வட்டமாகிவிட்டால், விரிசலுக்கு ஓட வழி இல்லை.

பிறகு உடனடிப் பசையை ஊசி முனையில் தொட்டு விரிசலுக்குள் விடுங்கள். பெவிகுவிக் போல, சிறு குழாயில் வருகிற பசை. ஒரு துளிக்கு மேல் வேண்டாம். அதிகம் விட்டால் ஒட்டாது, வெள்ளை படியும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மறுநாள்வரை விளையாடக் கூடாது.

கால் உடைந்தே போய்விட்டால், பசை மட்டும் தாங்காது. மரவேலைக்காரர் முளை அடிப்பதுபோல் செய்யுங்கள். உடைந்த இரண்டு முகங்களிலும் நேருக்கு நேர் சிறு துளை போடுங்கள். மின்சார ஒயருக்குள் இருக்கும் தடித்த செம்புக் கம்பியை ஒரு துண்டு வெட்டி, துளைக்குள் செருகுங்கள். இரண்டு குழாயில் வரும் அரால்டைட் போன்ற பசையைச் சம அளவில் கலந்து பூசிச் சேருங்கள். ஒரு நாள் முழுவதும் அசையாமல் வையுங்கள். இரும்புக் கம்பியோ குண்டூசியோ வேண்டாம். சிப்பாயின் கதி வந்துவிடும்!

சிறு ஓட்டை இருந்தால், சமையல் சோடாவைச் சிட்டிகை தூவி, அதன்மேல் ஒரு துளி உடனடிப் பசை விடுங்கள். உடனே கல்லாகிவிடும். அப்போது சூடும் ஆவியும் கிளம்பும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பசுவுக்குத் தையல்

பசு, பாலித்தீனால் ஆனது. அதன்மேல் எந்தப் பசையும் நிலைக்காது. தாமரை இலைத் தண்ணீர்தான்!

ஆனால் மரக்காணம் கரையில் இதற்கு மருந்து இருக்கிறது. மீனவர்கள் வலை பின்னும் நைலான் நூல். கிழிசலின் இரு பக்கமும் வரிசையாகச் சிறு துளை போடுங்கள். செருப்புத் தைப்பவரின் குத்தூசி போதும். துளைக்கும் கிழிசலுக்கும் நடுவே அரை சென்டிமீட்டராவது இருக்கட்டும். பிறகு வலை நூலால் தைத்து, உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். கிழிசலின் நுனியில் துளை போட மறக்காதீர்கள்.

சிப்பாயின் துருப்பிடித்த கம்பியை எடுத்துவிடுங்கள். துளையைச் சுத்தம் செய்யுங்கள். பிளந்த தோளை ஒட்டி, ஒரு நாள் விட்டு, செம்பு அல்லது பித்தளைக் கம்பி போடுங்கள். கம்பி இறுக்கமாக இருக்கக் கூடாது. கை தாராளமாக ஆட வேண்டும்.

வாத்துக்கு என்ன செய்வது? இன்னும் மெத்தென்று இருந்தால், உள்பக்கம் அதே வகை மெல்லிய பி.வி.சி. துண்டை வைத்து, பி.வி.சி. ஒட்டும் பசையால் ஒட்டலாம். உடனடிப் பசை இதற்கு ஆகாது. அது கெட்டியாக இறுகி, அழுத்தும்போது மறுபடி உடையும். கல்லாகிவிட்ட வாத்துக்கு வைத்தியம் இல்லை. பொடி உதிரும் பொம்மைக்கும் இல்லை. அங்கே விரிசல் ஓர் இடத்தில் இல்லை, உடம்பு முழுவதும் இருக்கிறது.

பசையின் கதை

இந்த உடனடிப் பசை தற்செயலாகக் கிடைத்தது. 1942-இல், உலகப் போரின்போது, அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற விஞ்ஞானி, துப்பாக்கியில் குறி பார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். கிடைத்த பொருளோ தொட்ட இடம் எல்லாம் ஒட்டியது. "இது ஆகாது" என்று ஒதுக்கிவிட்டார். பல ஆண்டு கழித்து அதன் அருமை தெரிந்தது. 1958-இல் கடைக்கு வந்தது.

காற்றில் உள்ள ஈரம்தான் அதை இறுக வைக்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே இங்கே அது இன்னும் வேகமாக ஒட்டும். விரலிலும்தான்!

விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைத்து, மெல்ல மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இமையை வலிய இழுக்காதீர்கள். பஞ்சாலும் பருத்தித் துணியாலும் இந்தப் பசையைத் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது கொதிக்கும், தோலைச் சுடும். பொம்மை ஒட்டுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

தாய்மார்கள் கவனத்துக்கு

ஒட்டிய பொம்மையை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கொடுக்காதீர்கள். ஒட்டிய இடம் எப்போது வேண்டுமானாலும் விடலாம். விட்ட துண்டு தொண்டையை அடைக்கலாம்.

எந்தத் துண்டு ஆபத்தானது என்று எப்படித் தெரியும்? ஒரு தாளை, வாய் அகலம் 3.2 சென்டிமீட்டர் இருக்கும்படி குழாயாகச் சுருட்டுங்கள். நீளம் ஆறு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்குள் முழுவதும் அடங்கும் எந்தப் பொருளும் பாப்பாவின் கையில் இருக்கக் கூடாது. பொம்மைச் சோதனைச் சாலைகளில் ஏறக்குறைய இதே அளவுள்ள குழாயை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

பயன்படாத பொம்மையை அடுப்பில் போடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகை வரும். கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். வாய்க்காலில் எறிவதும் தவறு. அது பொடியாகிக் கழுவேலிக்குப் போய், மீனுக்கும் பறவைக்கும் இரையாகும். குப்பை வாங்க வருகிறவரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

புதுப் பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு, 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். கணுக்காலைப் பாருங்கள். மெல்லியதாக, கூரான மடிப்போடு இருந்தால் வேண்டாம். தடித்த கால் உள்ள யானை, மெல்லிய கால் உள்ள மானைவிட அதிக நாள் வாழும்!

வருமுன் காக்க

விரிசலுக்குப் பிறகு பசை தேடுவதைவிட, விரிசல் வராமல் காப்பது மலிவு. இதற்கு ஒரு காசும் செலவு இல்லை.

விளையாடி முடிந்ததும் பொம்மையை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள். கொதிநீரில் போடாதீர்கள். தகரக் கூரைக்கு அடியில், உயரத்தில் வைக்காதீர்கள், அங்கே சூடு அதிகம். தரையோடு ஒரு மண் பானையிலோ மரப் பெட்டியிலோ வையுங்கள்.

இவ்வளவையும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். பக்கத்து வீட்டு மீனவர் வலை நூல் கொண்டுவந்தார். பசுவின் வயிற்றில் ஏழு தையல் போட்டார். குதிரையின் கால் மறுநாள்வரை நூல் கட்டோடு இருந்தது. வாத்துக்கு மட்டும் விடை கொடுத்தோம்.

மறுநாள் நான் புறப்படும்போது, சிறுமி குதிரையைத் திண்ணை நிழலில் ஓட்டிக்கொண்டு இருந்தாள். ஒட்டிய கோடு காலில் தெரிந்தது. அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. "குதிரைக்கு ஆப்பரேசன் ஆயிருக்கு" என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டு இருந்தாள். தம்பி கை நீட்டினான். அவள் குதிரையைச் சட்டென்று மேலே தூக்கினாள்.

"உனக்கு இது கிடையாது. நீ வாயிலே போட்டுடுவே" என்றாள்.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினார். வெயில் ஏறிக்கொண்டு இருந்தது.

"அம்மா கூட வர்றேன்" என்று சிறுமி எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து, குதிரையை மண் பானைக்குள் வைத்து மூடினாள்.

பிறகுதான் போனாள்.